மார்ஃபின் போட்டால் பழகிடுமா, சிஸ்டர்?

டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து அடுத்த வார்டுக்குப் போகும்வரை அம்மாக்கள் வாய் திறக்க மாட்டார்கள். மருந்து ட்ரேயோடு நான் கட்டில் பக்கம் போனதும் மெதுவாகக் கேட்பார்கள்: "சிஸ்டர், இது அந்த மார்ஃபின்தான? புள்ளைக்குப் பழகிறாதா?" அப்பாக்கள், "சாதாரண வலி ஊசியே போதாதாம்மா?" என்பார்கள். கூட வந்திருக்கும் அப்பத்தாவுக்கு வேறு பயம்: "அது புத்துநோய்க்காரவுகளுக்குல்ல போடுவாக?"

குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து இந்தக் கேள்விகளுக்குத் துண்டு துண்டாகப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஓர் இடத்தில் முழுசாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கணைய அழற்சியோடு, அதாவது பேங்க்ரியடைடிஸோடு வரும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். மார்ஃபினைக் கண்டு பயப்படுவதும் ஒரு பிள்ளையைப் பாடாய்ப் படுத்தும், அதைக் கணக்கில்லாமல் நீட்டிக்கொண்டே போவதும் பாடாய்ப் படுத்தும். இரண்டையும் ஒரே நோயில் நான் பார்ப்பது இங்கேதான்.

முதலில் அந்த வலி எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிறது. சாப்பாட்டைச் செரிக்கவைக்கும் நொதிகளைச் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புவது அதன் வேலைகளில் ஒன்று. அந்த நொதிகள் குடலுக்குப் போன பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். கணையத்துக்குள்ளேயே தொடங்கிவிட்டால் அது தன்னையே செரிக்க ஆரம்பித்துவிடும். வலி மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்குப் பாயும். மல்லாந்து படுக்க முடியாது. பிள்ளை முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு கிடக்கும், இல்லாவிட்டால் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும். பேச்சு வராத குழந்தையாக இருந்தால் ஓயாத வாந்தியும், தூக்கினாலும் அடங்காத அழுகையும்தான் அடையாளம்.

"எங்க வீட்ல யாரும் குடிக்க மாட்டாங்க சிஸ்டர்" என்று ஓர் அம்மா அழுதார். பெரியவர்களுக்கு இந்த நோய் வருவதற்குக் குடி ஒரு முக்கியக் காரணம் என்பதால், பிள்ளைக்கு வந்ததும் குடும்பமே கூனிக் குறுகிவிடுகிறது. குழந்தைகளுக்குக் காரணங்களே வேறு. பித்தக்கல், பிறவியிலேயே பித்தக்குழாயில் வரும் வீக்கம், வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட், ரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் ஆஸ்பராஜினேஸ், ரத்தத்தில் அளவுமீறிய கொழுப்பு, மரபணுக் கோளாறு. சைக்கிளில் விழும்போது ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியும் வரும். ஊர் என்ன சொல்லும் என்ற கவலையை வார்டு வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

வலி, ரத்தத்தில் லைபேஸோ அமைலேஸோ இயல்பான உச்ச அளவைப் போல 3 மடங்கு ஏறியிருப்பது, ஸ்கேனில் தெரியும் மாற்றம். இந்த மூன்றில் இரண்டு இருந்தால் பேங்க்ரியடைடிஸ் என்று முடிவு செய்கிறார்கள். நோயைக் கண்டுபிடிக்கத்தான் அந்த எண். வலி எவ்வளவு என்பதை அது சொல்லாது. "லைபேஸ்தான் குறைஞ்சிருச்சே, இன்னும் ஏன் அழுவுறான்?" என்று கேட்கிறார்கள். லைபேஸ் இறங்கிய பிறகும் வலி இருக்கலாம். பழைய நோயாளிப் பிள்ளைகளில் லைபேஸ் ஏறாமலேயே கடும் வலி வரலாம், ஏனென்றால் நொதி சுரக்கும் செல்களே குறைந்துபோயிருக்கும்.

அப்படியானால் வலியை எதைக் கொண்டு அளப்பது? பிள்ளையிடம் கேட்டுத்தான். 1980களில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் டோனா வாங் என்ற நர்ஸும் கானி பேக்கரும் சேர்ந்து, சிரிப்பிலிருந்து அழுகைவரை ஆறு முகங்களை வரைந்த ஓர் அட்டையை உருவாக்கினார்கள். இன்று உலகம் முழுக்கக் குழந்தைகள் வார்டுகளில் அது புழங்குகிறது. பேச்சு வராத குழந்தைக்கு முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்தையும் பார்த்து 10க்கு மதிப்பெண் போடுகிறோம். அட்டையை நீட்டும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வலியில் துடிக்கிற பிள்ளைகூடச் சில சமயம் சிரித்த முகத்தைத் தொட்டுக்காட்டும். அழுத முகத்தைக் காட்டினால் ஊசி வரும் என்று அதற்குத் தெரியும். அதனால் வலி மருந்தைத் தொடையிலும் இடுப்பிலும் குத்துவதை நான் எதிர்க்கிறேன். கையில்தான் வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாய் இருக்கிறதே, அதன் வழியாகப் போடலாம். வாந்தி நின்றுவிட்டால் வாய் வழியாகவே கொடுக்கலாம்.

இன்னொரு பிள்ளை இருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயது. அடிக்கடி அட்மிட் ஆகி வார்டுக்குப் பழகியவன். செல்போனில் கேம் ஆடிக்கொண்டே "வலி 8 க்கா" என்பான். "எட்டாம்! போனப் பாத்துட்டுக் கெடக்கான், இவனுக்கென்ன வலி" என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் சொல்வார்கள், எங்களில் சிலரும் சொல்வார்கள். நாள்பட்ட வலியோடு வாழும் பிள்ளை வலியை மறக்க எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் செய்யும். போனைப் பிடுங்கினால் வலி கூடும். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் இப்படி ஒரு பிள்ளைக்கு, "நடிக்கிறானான்னு பாக்கலாம், வெறும் தண்ணியப் போடு" என்று சொன்னார்கள். வெறும் தண்ணீர் ஊசிக்கு வலி கொஞ்சம் அடங்கினாலும் அது நடிப்புக்குச் சாட்சி ஆகாது. மருந்து என்று நம்பினாலே மூளை வலியைச் சற்றுக் குறைத்துக் காட்டும், அது எல்லா மனிதர்களுக்கும் பொது. அந்த ஊசியால் நடப்பது ஒன்றுதான்: பிள்ளைக்கு நம்மேல் இருந்த நம்பிக்கை போய்விடும்.

குழந்தையின் வலியை நம்பாத பழக்கம் மருத்துவத்தில் புதிதல்ல. 1980களின் நடுப்பகுதிவரை மேலைநாட்டுப் பெரிய மருத்துவமனைகளிலேயே பச்சைக் குழந்தைகளுக்கு உடல் அசையாமலிருக்க மட்டும் மருந்து கொடுத்துவிட்டு, வலி மருந்து சரியாக இல்லாமலே ஆபரேஷன் செய்தார்கள். அந்த வயதில் நரம்பு முதிர்ந்திருக்காது, வலி தெரியாது என்ற எண்ணம் இருந்தது. இந்தியாவில் மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கன்வல்ஜீத் ஆனந்த் என்ற டாக்டர் அதைச் சோதித்தார். குறைமாதக் குழந்தைகளின் இதய ரத்தக்குழாய் ஆபரேஷனில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான மயக்க மருந்தோடு ஃபென்டனில் என்ற வலி மருந்தும் கொடுக்கப்பட்டது. கொடுக்கப்படாத குழந்தைகளின் ரத்தத்தில் அதிர்ச்சி ஹார்மோன்கள் எகிறின, ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கல்களும் கூடின. 1987இல் அது வெளியானது. வலியை அடக்குவது இரக்கத்தால் செய்யும் கூடுதல் உபகாரம் என்ற நினைப்பு அதோடு போயிருக்க வேண்டும். சிகிச்சையே அதுதான்.

இனி மருந்துக்கு வருகிறேன். லேசான வலிக்குப் பாராசிட்டமால். சிறுநீரகம் நன்றாக இருந்து, உடலில் நீர்ச்சத்து குறையாமல், ரத்தக்கசிவு ஆபத்தும் இல்லையென்றால் இபுப்ரொஃபென் வகை. இவற்றுக்கு அடங்காத வலிக்கு மார்ஃபின் அல்லது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொன்று. வட அமெரிக்கக் குழந்தைக் குடல்நோய் மருத்துவர்களின் 2018 வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது. உலக சுகாதார நிறுவனமும் 2012இல் குழந்தைகளுக்கான வலி மருந்து ஏணியை இரண்டே படிகளாக்கியது. இடையில் இருந்த கோடீன் படியை எடுத்துவிட்டது. கோடீன் உடலுக்குள் போய் மார்ஃபினாக மாறித்தான் வேலை செய்கிறது. சில பிள்ளைகளின் உடல் அதை மாற்றவே மாற்றாது, வலி அப்படியே இருக்கும். சில பிள்ளைகளின் உடல் மளமளவென்று மாற்றிவிடும், மூச்சே நின்றுபோகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல், 12 வயதுக்குக் கீழ் கோடீனும் கூடாது, ட்ராமடாலும் கூடாது என்றது. நம் ஊரிலோ மார்ஃபினுக்குப் பயந்த கை சர்வசாதாரணமாக ட்ராமடால் ஊசியை எடுக்கிறது. மார்ஃபினைவிட அது சாது என்ற நினைப்பு. சின்னப் பிள்ளைகளுக்கு அந்த நினைப்பு ஆபத்தானது.

மார்ஃபின் பித்தக்குழாய் வாயிலை இறுக்கிவிடும், பேங்க்ரியடைடிஸ் முற்றிவிடும், அதனால் பெத்திடின் என்ற வலி மருந்தைத்தான் போட வேண்டும் என்று பல காலம் சொல்லிக்கொடுக்கப்பட்டது. மார்ஃபின் போட்ட நோயாளிகளுக்கு நோய் அதனால் முற்றியது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. பெத்திடின் உடைந்து உருவாகும் பொருள் உடலில் தங்கி வலிப்பை உண்டாக்கலாம் என்பது மட்டும் உறுதியான விஷயம். இன்னும் சில இடங்களில் பழைய பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது.

மார்ஃபினை நாங்கள் எப்படிக் கையாள்கிறோம் என்று பெற்றோர் யாரும் பார்த்ததில்லை. இரட்டைப் பூட்டுப் போட்ட அலமாரி. ஒரு ஆம்ப்யூல் எடுத்தால் ரெஜிஸ்டரில் பிள்ளையின் பெயர், ஐ.பி. நம்பர், நேரம், எடுத்த அளவு, மீதம், இரண்டு கையெழுத்து. ஒரு மில்லி ஆம்ப்யூலில் 10 அல்லது 15 மில்லிகிராம் இருக்கும். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு வேளைக்கு வேண்டியது 1 அல்லது 2 மில்லிகிராம்தான். அதனால் மருந்தை நீர்க்கச் செய்து, சிரிஞ்சில் லேபிள் ஒட்டி, இன்னொரு நர்ஸ் கணக்கைச் சரிபார்த்த பிறகே போடுகிறோம். மீந்ததைச் சாட்சியோடு கொட்டிவிட்டுக் காலி ஆம்ப்யூலைத் திருப்பி ஒப்படைக்கிறோம். போட்ட பிறகுதான் உண்மையான வேலை. மார்ஃபின் அளவு மீறினால் மூச்சு குறைவதற்கு முன்பே தூக்கம் கூடும். கூப்பிட்டால் கண் திறக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, விரலில் மாட்டிய மீட்டர் என்ன காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்போம். மாற்று மருந்தான நலாக்சோன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இந்தக் கண்காணிப்பு இல்லாத இடத்தில் மார்ஃபின் போடக் கூடாது. கண்காணிப்பு இருக்கும் இடத்தில் பயத்தால் அதை மறுக்கவும் கூடாது.

சில பெரிய மருத்துவமனைகளில் பிள்ளையே பட்டனை அழுத்தி மருந்து எடுத்துக்கொள்ளும் பம்ப் உண்டு. ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் அழகாகக் கற்றுக்கொள்கிறார்கள். தூக்கம் வந்தால் அழுத்த மாட்டார்கள், அதுதான் அதிலுள்ள பாதுகாப்பு. பாசத்தில் அப்பாவோ அம்மாவோ தூங்கும் பிள்ளைக்காக அழுத்தினால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. தயவுசெய்து அந்தப் பட்டனைத் தொடாதீர்கள்.

மார்ஃபின்மேல் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. நோக்கம் சரி. ஆனால் எழுத்துப் பிழைக்குக்கூடச் சிறைக்குப் போக நேருமோ என்று மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபின் வாங்குவதையே நிறுத்தின. ஒரு பெட்டி வாங்கப் பல லைசென்ஸ்கள் தேவைப்பட்டன. மார்ஃபினைத் தரும் அபின் பயிர் மத்தியப்பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப்பிரதேசத்திலும் சட்டப்படி விளைகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசே ஆலை நடத்துகிறது. நம் மண்ணில் விளைந்தது நம் பிள்ளைகளுக்கு எட்டவில்லை. திருவனந்தபுரத்தின் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் அவர் தொடங்கிய பேலியம் இந்தியா அமைப்பும் மற்றவர்களும் ஆண்டுக்கணக்கில் போராடியதில் 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மூலம் மார்ஃபினை வாங்கி வைக்க முடியும். சட்டம் தளர்ந்தும் பல மருத்துவமனைகள் அந்த அங்கீகாரத்தைக் கேட்டு விண்ணப்பிப்பதே இல்லை. எனக்கு இதில்தான் கோபம்.

இனி, பழகிறாதா என்ற அந்த அம்மாக்களின் கேள்வி. கடும் வலியில் இருக்கிற பிள்ளைக்கு, எடை பார்த்து, கண்காணிப்போடு, சில நாட்கள் கொடுக்கிற மார்ஃபினால் பிள்ளை போதைக்கு அடிமையாகும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. வலி குறையக் குறைய அளவைக் குறைத்து நிறுத்திவிடுவோம். ஒரு வாரத்தைத் தாண்டித் தொடர்ந்து கொடுத்திருந்தால் சட்டென்று நிறுத்த மாட்டோம். நிறுத்தினால் கொட்டாவி, வியர்வை, மூக்கொழுகல், பேதி, தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் வரும். அது உடல் மருந்துக்குப் பழகியதன் அடையாளம். படிப்படியாகக் குறைத்தால் சரியாகிவிடும். அதைப் பார்த்து "பாத்தீங்களா, போதைக்கு ஆளாயிட்டான்" என்று பிள்ளை காதுபடச் சொல்லாதீர்கள்.

மலச்சிக்கல் மட்டும் பெரும்பாலும் வரும். மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். மலம் இறுகி வரும் வயிற்றுவலியைக் கணைய வலி என்று நினைத்து இன்னும் மார்ஃபின், அதனால் இன்னும் மலச்சிக்கல் என்று போன பிள்ளைகள் உண்டு. சாப்பாட்டு விஷயமும் மாறிவிட்டது. கணையத்துக்கு ஓய்வு என்று நாள்கணக்கில் பட்டினி போட்ட காலம் முடிந்துவிட்டது. நோய் லேசானதாக இருந்தால், வாந்தி அடங்கியதும் முதல் ஓரிரு நாளிலேயே சாப்பிடக் கொடுக்கிறோம். வலியை அடக்கினால்தான் பிள்ளை சாப்பிடும், நடக்கும், ஆழமாக மூச்சு விடும்.

இதுவரை சொன்னது திடீரென வந்து அடங்கும் நோய்க்கு. திரும்பத் திரும்ப வந்து, கணையம் சுருங்கி, குழாயில் கல் கட்டிக்கொள்ளும் நாள்பட்ட நோயில் கதை வேறு. இந்த நோய்க்கும் நம் பக்கத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1959இல் இந்தோனேசியாவில் ஸுய்டெமா என்பவர் விவரித்த இதே நோயை, கேரளத்தில் டாக்டர் பி. ஜே. கீவர்கீஸ் பெரும் எண்ணிக்கையில் பதிவு செய்தார். குடிக்காத, ஏழைப் பிள்ளைகள். சிறுவயதில் வயிற்றுவலி, வாலிபத்தில் சர்க்கரை நோய், இளவயதில் மரணம் என்றுதான் அன்று அதன் போக்கு இருந்தது. மரவள்ளிக்கிழங்கின் மேல் பழி போட்டார்கள், அது நிரூபணமாகவில்லை. பிறகு பல நோயாளிகளிடம் ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்தது. இன்று இன்சுலினும் நொதி மாத்திரையும் இருப்பதால் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். வலி அவர்களோடு கூடவே வருகிறது.

இங்கேதான் மார்ஃபின் குடும்பம் ஏமாற்றும். ஆண்டுக்கணக்கில் வலித்தால் நரம்புகளும் தண்டுவடமும் மூளையும் வலிக்கென்றே கூர்மையாகிவிடுகின்றன. சுட்டுக்கொண்ட விரலில் இளஞ்சூட்டுத் தண்ணீர் பட்டாலே எரிவதுபோல, சாதாரணச் செரிமான அசைவே அந்தப் பிள்ளைக்கு வலியாகத் தெரியும். மார்ஃபின் வகையை மாதக்கணக்கில் கொடுத்தால் அந்தக் கூர்மை இன்னும் கூடலாம். மருந்து ஏற ஏற வலியும் ஏறும். பிள்ளை பள்ளிக்குப் போகாது, பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் விழிப்பு.

அந்த இடத்தில் கேட்க வேண்டியது, "எதனால் இன்னும் வலிக்கிறது?" என்பது. குழாயில் கல் அடைத்திருந்தால் வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைத்து, எண்டோஸ்கோப்பி மூலம் எடுக்கலாம். ஹைதராபாத்தில் உள்ள ஏ.ஐ.ஜி. மருத்துவமனையில் குழந்தைகளுக்கும் இதை நிறையச் செய்கிறார்கள். குழாய் வீங்கியிருந்தால் குடலோடு இணைக்கும் ஆபரேஷன் உண்டு. எதற்கும் அடங்காத சிலருக்குக் கணையத்தையே எடுத்துவிட்டு, அதில் இன்சுலின் சுரக்கும் செல் திட்டுகளைப் பிரித்துக் கல்லீரலில் செலுத்துகிறார்கள். 1977இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இதை முதன்முதலாகச் செய்தார்கள். இந்த ஆபரேஷனுக்குப் பின் பிள்ளைகளில் பலர் மார்ஃபின் வகையை விட்டுவிட முடிந்திருக்கிறது. கத்தியில்லாத வழிகளும் உண்டு: நரம்பு வலிக்கான மாத்திரைகள், தூக்கத்தை ஒழுங்குபடுத்துவது, வெந்நீர்ப் பை, மூச்சுப் பயிற்சி, மனநல ஆலோசகரோடு வலியைச் சமாளிக்கப் பழகுவது. "மனநல ஆலோசகர்" என்றதும் "அப்ப எம்புள்ளைக்கு வலி பொய்யின்றீங்களா?" என்று கொதித்த அப்பாவை எனக்குத் தெரியும். வலி நிஜம். அதைத் தாங்கும் நரம்புக்கும் பயிற்சி வேண்டும், அவ்வளவுதான். அரைநாளாவது பள்ளிக்கு அனுப்பப் பாருங்கள். வலி முழுசாகப் போன பிறகு பள்ளி என்று காத்திருந்தால் ஒரு வகுப்பே போய்விடும்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள். பிள்ளை அட்மிட் ஆனதும், வலிக்கு என்ன திட்டம் என்று கேளுங்கள். எத்தனை மணிக்கு ஒருமுறை வலியைக் கேட்டு எழுதுவீர்கள், மார்ஃபின் இங்கே இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே இருக்கிறது, தொடங்கினால் எப்போது எப்படிக் குறைப்பீர்கள் என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது, எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார். வீட்டில் ஒரு நோட்டில் வலி வந்த நேரம், சாப்பிட்டது, தூக்கம், மலம் போனது, கொடுத்த மருந்து எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை பார்க்கும் டாக்டருக்கு ஸ்கேனைப் போலவே அதுவும் உதவும். டிஸ்சார்ஜ் ஆகும்போது மார்ஃபின் மாத்திரை கொடுத்தால், சொன்ன நாள்வரை சொன்ன அளவு மட்டும் கொடுங்கள். பூட்டிய அலமாரியில் வையுங்கள். மீந்ததைத் தம்பி தங்கச்சியின் வயிற்றுவலிக்கோ அப்பத்தாவின் மூட்டுவலிக்கோ எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்த மருத்துவமனையிலேயே திருப்பி ஒப்படைத்துவிடுங்கள்.